ஏட்டெம் மினி ப்ரோ ஐஎஸ்ஓ: பாலக்காட்டுப் பக்கத்து லைவ் வேலைக்குத் தாங்குமா?

சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கொல்லங்கோடு, மீனாட்சிபுரம் என்று எல்லையோரமாக லைவ் வேலை எடுக்கிறவர்கள், பல கேமராக்களை மாற்றி மாற்றிக் காட்டும் ஸ்விட்சர் பெட்டி வாங்க நினைத்ததும் கண்ணில் படுவது பிளாக்மேஜிக் டிசைனின் ஏட்டெம் மினி வரிசை. 2020 ஏப்ரலில் மினி ப்ரோ வந்தது, ஜூலையில் ஒவ்வொரு கேமராவையும் தனித்தனியாக ரெக்கார்ட் செய்கிற ப்ரோ ஐஎஸ்ஓ, 2021 பிப்ரவரியில் எட்டு இன்புட் கொண்ட எக்ஸ்ட்ரீம். ப்ரோ ஐஎஸ்ஓவின் அறிமுக விலை 895 டாலர், எக்ஸ்ட்ரீம் ஐஎஸ்ஓ 1,295 டாலர். இங்கே பேசப்போவது ப்ரோ ஐஎஸ்ஓ பற்றி. எக்ஸ்ட்ரீம் எப்போது தேவைப்படும் என்பது வழியிலேயே வரும்.

பெட்டிக்குள் நடக்கிற வேலையில் பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வேலையைக் கெடுப்பதெல்லாம் பின்பக்கத்து போர்ட்டுகள். அதனால் இந்த விமர்சனமும் பின்பக்கத்திலிருந்தே தொடங்குகிறது.

நான்கு ஹெச்டிஎம்ஐ இன்புட். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஸ்டாண்டர்ட்ஸ் கன்வர்ட்டர் உள்ளே இருக்கிறது. ஒரு கேமரா 1080பி50, இன்னொன்று 1080ஐ50, லேப்டாப் 1080பி60 என்று கலந்து கொடுத்தாலும் படம் வந்துவிடும். இந்த விலையில் இது பெரிய வசதி. ஆனால் 4கே எடுக்காது. மிரர்லெஸ் கேமரா 4கே அவுட்டில் கிடந்தால், எல்லா கேமராவையும் கட்டம் கட்டமாகக் காட்டும் மல்டிவியூவில் அந்தக் கட்டம் கருப்பாகவே இருக்கும். பதறி கேபிளை மாற்றுவதற்கு முன் கேமரா மெனுவில் ஹெச்டிஎம்ஐ ரெசொல்யூஷனை 1080க்கு இறக்குங்கள். சோனி என்றால் ஹெச்டிஎம்ஐ இன்ஃபோ டிஸ்ப்ளேயை ஆஃப் செய்யுங்கள். இல்லாவிட்டால் பேட்டரி சதவீதமும் ஃபோகஸ் கட்டமும் மணமக்கள் முகத்தின் மேல் உட்கார்ந்து யூடியூபுக்குப் போகும்.

ஆட்டோ மோடில் ஒரு பொறி உண்டு. முதலில் இணைக்கிற கருவியின் ஃபார்மட்டையே பெட்டி தன் ஃபார்மட்டாக எடுத்துக்கொள்ளும். டைட்டில் லேப்டாப்பை முதலில் சொருகினால் முழு நிகழ்ச்சியும் 60 ஃபிரேமில் ஓடும். 25, 50 ஃபிரேமில் வருகிற கேமராக்கள் அதற்குள் மாற்றப்பட்டு, வீசி நடக்கிற ஆட்களின் அசைவு வெட்டி வெட்டித் தெரியும். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். மண்டப டியூப்லைட்டும் பந்தல் சீரியல் விளக்கும் மினுக்காமல் இருக்க ஷட்டர் 1/50 அல்லது 1/100 இருக்க வேண்டும், ஃபிரேம் ரேட் 25 அல்லது 50. எனவே ஏட்டெம் சாஃப்ட்வேர் கன்ட்ரோலில் ஃபார்மட்டைக் கையால் 1080பி25 அல்லது பி50 என்று பூட்டிவிட்டு, பிறகு கேபிளைத் தொடுங்கள். நெம்மாறா வேலா திருவிழாவின் ஆனைப்பந்தல் மாதிரி பல்புகளால் நிறைந்த முகப்பை எடுக்கும்போது இந்த ஒரு செட்டிங்தான் மானத்தைக் காப்பாற்றும்.

ஹெச்டிஎம்ஐ கனெக்டருக்குப் பூட்டு கிடையாது. கூட்டத்தில் ஒருவர் காலில் கேபிள் சிக்கினால் படம் போய்விடும். இதில் மைக்ரோ ஹெச்டிஎம்ஐ இருக்கிற கேமரா இன்னும் மோசம். சொருகுகிற இடம் ஆட ஆட, ஒரு சீசனுக்குள் போர்ட்டே பிடுங்கிக்கொண்டு வரும். கேமராவைச் சுற்றி மாட்டும் கேஜும் கேபிள் கிளாம்பும் கட்டாயம். சாதாரண காப்பர் கேபிளை 10 மீட்டருக்கு மேல் நம்பாதீர்கள். ஆப்டிகல் ஹெச்டிஎம்ஐ நீளமாகப் போகும், ஆனால் அதற்குத் திசை உண்டு. கேமரா முனை, ஸ்விட்சர் முனை என்று எழுதியிருப்பதை மாற்றிச் சொருகினால் படம் வராது. இழுத்துக் கட்டிய பிறகு தெரிந்தால் கேபிள் முழுவதையும் திரும்பச் சுருட்ட வேண்டியதுதான்.

இருபது மீட்டருக்கு மேல் போகிற கேமராவுக்கு, நீளமான கேபிளிலும் படத்தைக் கொண்டுபோகிற எஸ்டிஐ போடுங்கள். கேமராவில் ஹெச்டிஎம்ஐ டு எஸ்டிஐ மைக்ரோ கன்வர்ட்டர், ஸ்விட்சர் பக்கம் எஸ்டிஐ டு ஹெச்டிஎம்ஐ, நடுவில் 75 ஓம் கேபிள். பிஎன்சி கனெக்டர் முறுக்கிப் பூட்டிக்கொள்ளும், யார் மிதித்தாலும் கழலாது. நம் ஊரில் கேபிள் டிவிக்காரர்களிடம் ஆர்ஜி6 சுருள் சுருளாகக் கிடைக்கும், ஆனால் அவர்கள் போடுவது எஃப் கனெக்டர். வெட்டி எறிந்துவிட்டு 75 ஓம் பிஎன்சி கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள். பழைய வயர்லெஸ் ஆன்டெனாக்காரர்கள் தருகிற 50 ஓம் கேபிள் பார்க்க அதே மாதிரி இருக்கும். நீளம் கூடினால் படம் பொரிப்பொரியாகும், அப்புறம் மொத்தமாகப் போகும். மைக்ரோ கன்வர்ட்டருக்கு 5 வோல்ட் வேண்டும். பவர் பேங்கில் ஓட்டலாம், ஆனால் சில பவர் பேங்குகள் லோடு குறைவாக இருந்தால் தானாக அணைந்துவிடும். அதை முந்தைய நாளே ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள்.

அவுட்புட் பக்கம் வந்தால்தான் பெரிய முடிவு எடுக்க வேண்டியிருக்கும். ப்ரோ ஐஎஸ்ஓவில் ஹெச்டிஎம்ஐ அவுட் ஒன்றே ஒன்று. ஸ்விட்ச் செய்கிறவருக்கு மல்டிவியூ வேண்டும். மண்டபத்தின் எல்இடி சுவருக்கு ப்ரோகிராம், அதாவது லைவில் போகிற படம் வேண்டும். இரண்டையும் ஒரே போர்ட்டில் ஒரே நேரத்தில் எடுக்க முடியாது. ஸ்ப்ளிட்டர் போட்டாலும் இரண்டு பக்கமும் ஒரே படம்தான் போகும். மல்டிவியூவைச் சுவருக்கு அனுப்பிவிட்டு மணமகன் வீட்டார் அந்தக் கட்டங்களைப் பார்த்துச் சிரிக்கும் நிலை வர வேண்டாம். யூஎஸ்பி வழியே லேப்டாப்பில் ப்ரோகிராமை எடுத்து அங்கிருந்து சுவருக்கு அனுப்பலாம், ஆனால் யூஎஸ்பி-சி போர்ட்டும் ஒன்றுதான். அதில் லேப்டாப்பைச் சொருகினால் ரெக்கார்டிங் டிஸ்குக்கு இடமில்லை. ரெக்கார்டிங் இல்லாத ஐஎஸ்ஓ வாங்கி என்ன பயன்? சுவரும் வேண்டும், ரெக்கார்டிங்கும் வேண்டும் என்றால் இரண்டு ஹெச்டிஎம்ஐ அவுட், இரண்டு யூஎஸ்பி-சி உள்ள எக்ஸ்ட்ரீம் ஐஎஸ்ஓதான். கல்யாண ஆர்டரில் பாதிக்கு மேல் எல்இடி சுவரோடு வருகிறது என்றால், நான்கு கேமரா போதும் என்றாலும் எக்ஸ்ட்ரீமுக்குப் போங்கள். எட்டு இன்புட்டுக்காக இல்லை, அந்த இரண்டாவது அவுட்டுக்காக.

சுவர்க்காரர்களோடு இன்னொரு ஆபத்து. அவர்கள் ஜெனரேட்டரில் ஓடுவார்கள். நாம் கோயில் லைனிலோ மண்டப போர்டிலோ இருப்போம். இரண்டு எர்த்துக்கும் நடுவே வோல்டேஜ் வித்தியாசம் இருந்தால், ஹெச்டிஎம்ஐயைச் சொருகும் நொடியில் அந்த வித்தியாசம் கேபிள் கிரவுண்ட் வழியே ஓடும். போர்ட் கருகுவது அப்படித்தான். இரு பக்கமும் கரண்ட் அணைத்துவிட்டுச் சொருகுங்கள். முடிந்தால் எல்இடி ப்ராசசருக்கும் நம் மேசைக்கும் ஒரே போர்டிலிருந்து கரண்ட் எடுங்கள். தூரம் அதிகமானால் எஸ்டிஐ-ஃபைபர் கன்வர்ட்டர். கண்ணாடி இழையில் கரண்ட் ஓடாது.

பெட்டிக்கு வேண்டியது 12 வோல்ட். அடாப்டர் முனையில் திருகிப் பூட்டும் வளையம் இருக்கிறது, அதைத் திருகாமல் விடுகிறவர்கள் ஏராளம். வி-மவுன்ட் கேமரா பேட்டரியின் டி-டேப் சாக்கெட்டிலிருந்து நேராகக் கொடுக்காதீர்கள். முழுச் சார்ஜில் அது 16 வோல்ட்டைத் தாண்டும். 12 வோல்ட் ரெகுலேட்டட் கேபிள் கேட்டு வாங்குங்கள். யூபிஎஸ் இல்லாமல் ஐஎஸ்ஓ ரெக்கார்டிங் செய்வது கயிறு கட்டாமல் தேர் இழுப்பது மாதிரி. அது ஏன் என்பது டிஸ்க் பகுதியில் தெரியும்.

பங்குனி, சித்திரை மாதங்களில் சூடும் ஒரு பிரச்சினை. பெட்டியின் இயங்கு வெப்பநிலை 0 முதல் 40 டிகிரி என்று கொடுத்திருக்கிறார்கள். ஏப்ரலில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றே அந்த அளவுக்கு வந்துவிடும். தகரப் பந்தலுக்கு அடியில் இன்னும் மேலே போகும். மேசைத்துணி மேல் வைக்காமல், அடியில் இரண்டு மரக்கட்டை கொடுத்துத் தூக்கி, ஒரு டேபிள் ஃபேனைத் திருப்பிவிட்டாலே போதும். சோனி கேமராவில் ஆட்டோ பவர் ஆஃப் டெம்ப் என்பதை ஹை என்று வையுங்கள்.

இனி ஒலி. அதிகம் கெட்டுப்போவதும் இதில்தான், பேக்கேஜில் யாரும் காசு ஒதுக்காததும் இதற்குத்தான்.

பின்னால் இரண்டு 3.5 மிமீ ஜாக். ஹெட்ஃபோன் ஜாக் இல்லை, மல்டிவியூ மானிட்டரின் ஹெட்ஃபோன் ஓட்டையில்தான் கேட்க வேண்டும். சவுண்ட் செட்காரரின் மிக்சரிலிருந்து எக்ஸ்எல்ஆர் அவுட் எடுத்து, கடையில் விற்கிற எக்ஸ்எல்ஆர் டு 3.5 ஸ்டீரியோ கேபிளைச் சொருகுகிறார்கள். இதில் ஒரு விபரீதம் ஒளிந்திருக்கிறது. எக்ஸ்எல்ஆரின் 2ஆம் பின்னில் சிக்னல் நேராகவும் 3ஆம் பின்னில் தலைகீழாகவும் வரும். அந்தக் கேபிள் 2ஐ இடது சேனலுக்கும் 3ஐ வலது சேனலுக்கும் கொண்டுபோகிறது. ஹெட்ஃபோனில் கேட்டால் ஏதோ காதுக்குள் விரிந்த மாதிரி இருக்கும், சத்தம் வருகிறதே என்று விட்டுவிடுவோம். மொபைலில் ஒற்றை ஸ்பீக்கரில் பார்க்கிறவருக்கு இடதும் வலதும் கூடும்போது ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மந்திரம் கேட்காது, நாதஸ்வரம் கேட்காது, எங்கோ ஒரு எக்கோ மட்டும் கேட்கும். துபாயிலிருந்து மாமா ஃபோன் போட்டு "சவுண்டே இல்லையேடா" என்பது இதனால்தான்.

தீர்வு, நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் ஐசொலேட்டர் பெட்டி. பேலன்ஸ்டை ஒழுங்காக அன்பேலன்ஸ்டாக மாற்றும், ஜெனரேட்டர் எர்த்தால் வருகிற 'ம்ம்ம்' என்கிற ஹம்மையும் அறுத்துவிடும். அளவும் முக்கியம். மிக்சரின் ப்ரொஃபஷனல் லைன் லெவல் பிளஸ் 4 டிபியூ, அதாவது சுமார் 1.23 வோல்ட். கன்ஸ்யூமர் லைன் லெவல் மைனஸ் 10 டிபிவி, 0.316 வோல்ட். வித்தியாசம் ஏறக்குறைய 12 டிபி. அந்த அளவுக்கு ஒலியைக் குறைக்கும் ஒரு பேட் போடுங்கள், அல்லது மிக்சரில் ஆக்ஸ் அவுட்டை இறக்கச் சொல்லுங்கள். ஏட்டெம் செட்டிங்கில் அந்த ஜாக்கை மைக்கிலிருந்து லைனுக்கு மாற்ற மறக்க வேண்டாம். மைக்கில் விட்டால் எதைச் செய்தாலும் கரகரப்புதான். கேமரா இன்புட்டுகளின் ஆடியோவை எல்லாம் ஆஃப் செய்து, மைக் 1ஐ மட்டும் ஆன் செய்யுங்கள். இரண்டும் திறந்திருந்தால் குடத்துக்குள் பேசுகிற ஒலி வரும்.

செண்டை மேளத்துக்கு இது மட்டும் போதாது. பஞ்சாரி மேளம் ஐந்து காலம். முதல் காலத்தில் ஒரு தாளவட்டத்துக்கு 96 அட்சரம் (தாள எண்ணிக்கை), பிறகு 48, 24, 12, கடைசியில் 6. நிதானமாக ஆரம்பித்து, கடைசிக் காலத்தில் செண்டையும் இலத்தாளமும் கொம்பும் சேர்ந்து உச்சத்தில் முடியும். முதல் காலத்தில் மீட்டர் அழகாக மைனஸ் 12இல் நிற்கிறது என்று கெயினை விட்டால், ஐந்தாம் காலத்தில் எல்லாம் வெட்டுப்பட்டு டப்பாவைத் தட்டுகிற ஒலியாகும். ஆரம்பத்தில் மைனஸ் 30க்கு அருகே வையுங்கள். கேட்க மெலிவாக இருக்கும், இருக்கட்டும். மேளம் ஏற ஏற அது தன் இடத்துக்கு வந்துசேரும். பெட்டிக்குள் ஃபேர்லைட் மிக்சரில் லிமிட்டர் இருக்கிறதே என்பார்கள். அது சிக்னல் டிஜிட்டலான பிறகு வேலை செய்வது. ஜாக்கிலேயே உடைந்து வந்த ஒலியை எந்த லிமிட்டரும் ஒட்டாது.

இப்போது 32 பிட் ஃப்ளோட் பற்றிப் பெரிய பேச்சு. 2022இல் வந்த ஸூம் எஃப்3 மாதிரி ரெக்கார்டர்களில் அது உண்மையிலேயே உயிர் காக்கும், கெயின் தப்பினாலும் எடிட்டில் மீட்கலாம். வயர்லெஸ் மைக்குகளில் அந்த வசதி உள்ளே ரெக்கார்ட் ஆகிற கோப்புக்கு மட்டும்தான். ரிசீவரிலிருந்து ஏட்டெமுக்கு வருகிற அனலாக் ஒலிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. மைக் கேப்சூலிலேயே ஒலி உடைந்தாலும் அப்படித்தான். மேளத்துக்கு டைனமிக் மைக், வட்டத்திலிருந்து சில மீட்டர் தள்ளி, அவ்வளவு போதும்.

உதடும் ஒலியும் பொருந்துவது அடுத்த விஷயம். வயர்லெஸ் வீடியோ கருவிகள் 70, 80 மில்லி செகண்ட் தாமதிக்கும், 25 ஃபிரேமில் அது இரண்டு ஃபிரேம். மிக்சர் ஒலியோ உடனே வந்துவிடும். கோல் செண்டையில் படுவதற்கு முன்பே அடி கேட்கும். ஏட்டெம் ஆடியோவில் அனலாக் இன்புட்டுக்கு ஃபிரேம் கணக்கில் டிலே கொடுக்கலாம், இரண்டு மூன்று ஃபிரேம் வைத்துப் பாருங்கள். கேமரா மைக்கையே நம்புகிறீர்கள் என்றால் கதை தலைகீழ். 34 மீட்டர் தள்ளி நின்றால் ஒலி பத்தில் ஒரு செகண்ட் பிந்தி வரும், அதாவது இரண்டரை ஃபிரேம். கல்பாத்தி தேர் மாதிரி அக்ரஹாரத் தெருவின் ஒரு கோடியில் கேமராவை வைத்து, மறுகோடியில் தேர்கள் ஒன்றுகூடும் தேவரத சங்கமத்தை ஜூமில் எடுக்கிறபோது இது பளிச்சென்று தெரியும்.

ஐஎஸ்ஓ என்ற மூன்றெழுத்துக்குக் கொடுக்கிற காசு எதற்கு? ரெக்கார்ட் அழுத்தினால் ப்ரோகிராம் ஒன்று, நான்கு கேமராவும் டைட்டில் ஒட்டாமல் தனித்தனியாக நான்கு, ஆக ஐந்து ஹெச்.264 கோப்புகள் ஒரே டிஸ்கில் விழும். கூடவே ஒரு டாவின்சி ரிசால்வ் ப்ராஜெக்ட் கோப்பு. அதைத் திறந்தால் நீங்கள் லைவில் செய்த கட் எல்லாம் டைம்லைனில் அப்படியே நிற்கும். கெட்டிமேளம் முழங்கித் தாலி ஏறுகிற நேரத்தில் ஸ்விட்ச் செய்தவர் வைட் ஷாட்டில் தூங்கியிருந்தால், அந்த ஒரு கட்டை மட்டும் க்ளோசப் கேமராவுக்கு மாற்றிவிடலாம். ஐந்து மணி நேர நிகழ்ச்சியை நான்கு கார்டுகளிலிருந்து எடுத்து சிங்க் செய்கிற இரவு வேலை அப்படியே மிச்சம். இதற்கு மட்டுமே பெட்டியின் விலை தகும்.

டிஸ்க் கணக்கைப் பாருங்கள். உயர்ந்த தரத்தில் ஒரு கோப்பு 70 மெகாபிட் வரை போகலாம். ஐந்துக்கு 350 மெகாபிட், செகண்டுக்கு சுமார் 44 மெகாபைட், மணிக்கு 158 ஜிகாபைட் அளவு. ஒரு டெராபைட் எஸ்எஸ்டியில் ஆறு மணி நேரம் சொச்சம். பென் டிரைவ் இந்த வேகத்தைத் தொடர்ந்து தாங்காது, ஆரம்பத்தில் ஓடும், பஃபர் நிரம்பியதும் ஃபிரேம் விடும். டிஸ்கை எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்தால் விண்டோசிலும் மேக்கிலும் திறக்கும். ஆனால் எக்ஸ்ஃபேட்டுக்கு, எழுதுவது பாதியில் நின்றால் மீட்க உதவும் ஜர்னல் கிடையாது. ரெக்கார்டிங் நடுவே கரண்ட் போனாலோ கேபிள் கழன்றாலோ மொத்தக் கோப்பும் போகலாம். மேலே யூபிஎஸ் என்றது இதனால்தான். சடங்கு மாறும்போதெல்லாம் ஸ்டாப் அழுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். போனாலும் ஒரு துண்டுதான் போகும்.

ஸ்ட்ரீமிங் பெட்டியிலிருந்தே போகும், ஈதர்நெட் வழியே. தரம் ஹை என்றால் 6 முதல் 9 மெகாபிட், மீடியம் 4.5 முதல் 7, லோ 3 முதல் 4.5. அப்லோடு அதன் இரு மடங்காவது இருக்க வேண்டும், டவுன்லோடு வேகத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஃபோனை யூஎஸ்பியில் மாட்டி மொபைல் டேட்டாவிலும் அனுப்பலாம், ஆனால் மறுபடி அதே ஒற்றை போர்ட், டிஸ்கா ஃபோனா என்ற கேள்வி. வேலா நாளில் மொபைல் நெட்டை நம்புவதே தப்பு. காலையில் 30 மெகாபிட் காட்டிய இடத்தில், ஆனை நிரந்து நிற்கும் நேரத்தில் ஆயிரக்கணக்கான ஃபோன்கள் வீடியோ ஏற்றிக்கொண்டிருக்கும், ஒரு மெகாபிட்கூடக் கிடைக்காது. பக்கத்துக் கேபிள்காரரிடம் பேசி அந்த இரண்டு நாளைக்கு மட்டும் ஒரு ஃபைபர் இழுத்துக்கொள்வது எல்லாவற்றையும்விட மலிவு. மல்டிவியூவில் கேஷ், அதாவது இன்னும் அனுப்பாமல் தேங்கி நிற்கிற டேட்டாவின் சதவீதம் தெரியும். அது ஏறிக்கொண்டே போனால் நெட் தாங்கவில்லை என்று பொருள், தரத்தை ஒரு படி இறக்குங்கள். புதிய யூடியூப் சேனல் என்றால் முதல் லைவுக்கு அனுமதி வர 24 மணி நேரம் வரை ஆகும். முகூர்த்தத்தன்று காலையில் சேனல் திறக்காதீர்கள்.

டைட்டிலில் நம் வட்டாரத்துக்கே உரிய தலைவலி ஒன்று. பெண் வீட்டுக்குத் தமிழ், மாப்பிள்ளை வீட்டுக்கு மலையாளம். இரண்டையும் ஃபோட்டோஷாப்பில் அடிக்கும்போது கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும், மலையாளக் கூட்டெழுத்து உடைந்து சந்திரக்கலையோடு (நம் புள்ளி மாதிரியான குறி) பல்லிளிக்கும். டைப் செட்டிங்கில் வேர்ல்ட்-ரெடி லேஅவுட்டை ஆன் செய்து, யூனிகோட் எழுத்துருவில் அடியுங்கள். 1920க்கு 1080 அளவில், பின்னணி இல்லாத பிஎன்ஜியாக, பெட்டிக்குள் படம் சேமிக்கும் மீடியா பூலில் ஏற்றுங்கள், 20 ஸ்டில் கொள்ளும். எழுத்தைச் சுற்றிக் கருப்பு விளிம்பு தெரிந்தால், படத்தின் மேல் டைட்டிலை ஒட்டும் டவுன்ஸ்ட்ரீம் கீயில் ப்ரீ மல்டிப்ளைடு கீ டிக் விழுந்திருக்கிறதா பாருங்கள். எல்லாம் முடிந்ததும் மொத்த அமைப்பையும் லேப்டாப்பில் சேவ் செய்யுங்கள். கரண்ட் போய் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது மீடியா பூலைத்தான்.

லேப்டாப்பில் ஓபிஎஸ் என்ற லைவ் சாஃப்ட்வேர் இலவசமாயிற்றே, இது எதற்கு என்ற கேள்வி வரும். ஒரு கேமரா, ஒரு டைட்டில் என்றால் ஓபிஎஸ் போதும். நான்கு கேமராவுக்கு நான்கு கேப்சர் கார்டு, நடுவே விண்டோஸ் அப்டேட் என்றால் அந்த மிச்சம் மிச்சமில்லை. மோட்டாரில் திரும்பி ஆளைத் தானாகப் பின்தொடரும் பிடிஇசட் கேமராக்கள் மேடைக் கச்சேரிக்கு நல்லவை. முகூர்த்த நேரத்தில் குறுக்கே போகிற முதல் பட்டுப்புடவையோடு அவையும் கிளம்பிவிடும்.

கோயம்புத்தூரிலோ கொச்சியிலோ வாங்கும்போது சீரியல் நம்பர் எழுதிய ஜிஎஸ்டி பில் கேளுங்கள், வாரன்டிக்கு அதுதான் வேண்டும். செகண்ட்ஹேண்ட் என்றால் ஒரே கேமராவை நான்கு இன்புட்டிலும் மாற்றி மாற்றிச் சொருகி, கேபிளை மெல்ல மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். படம் ஒருமுறை கண் சிமிட்டினாலும் அந்த போர்ட் தளர்ந்துவிட்டது. யூஎஸ்பி-சியில் உங்கள் எஸ்எஸ்டியை மாட்டி முழுசாக ஒரு மணி நேரம் ஐஎஸ்ஓ ஓடவிடுங்கள். விற்கிறவர் அந்த ஒரு மணி நேரத்துக்குச் சலித்துக்கொண்டால் வேறு பெட்டி பாருங்கள்.